குளமும் வகுப்பறையும்: பாவுலோ பிரெய்ரேயின் கல்விச் சிந்தனை பற்றிய ஒரு மறுநோக்கு

பாவுலோ பிரெய்ரேயின் பெயரை அறியாத ஆசிரிய மாணவர் இன்று எம்மிடையே மிகச் சிலரே. கல்வியியற் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகக் கல்விப் பீடங்களிலும் கல்வித் தத்துவம் பயில்வோர் அவரது 'வங்கிமுறைக் கல்வி' என்னும் கருத்தைக் குறிப்பெடுத்து, மனனஞ்செய்து, பரீட்சையில் எழுதிச் சித்தியடைகின்றனர். மனனக் கல்வியைக் கண்டித்த ஒருவரின் கருத்தே மனனத்துக்குரிய பாடப்பொருளாயிற்று. இம்முரண்பாட்டை நகைத்துவிட்டு விலகிச் செல்லுதல் எளிது. ஆயினும், ஒரு சிந்தனை இங்ஙனம் வலுவிழந்து போவதற்கான காரணங்களை ஆராய்ந்தாலன்றி அதனை நாம் உரியவாறு மதிப்பிட்டோராக மாட்டோம்.

இக்கட்டுரையில் பிரெய்ரேயை வன்னிப் பெருநிலப்பரப்பில் நின்று நோக்க முயல்கின்றோம். வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே பம்பைமடுவிலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர் இடையில் நெளுக்குளத்தைக் கடந்து செல்வர். தொழில்நுட்பக் கல்லூரியும் பாடசாலையும் அமைந்த ஊர் அது; பெயரிலேயே குளத்தைத் தாங்கிய ஊர். பிரேசிலிற் பிறந்த ஒரு கல்விக் கொள்கை இத்தகையதோர் ஊரின் வகுப்பறைக்கு எதனைத் தரவல்லது, எதனைத் தரமாட்டாது என்பதே எமது வினா. பிரெய்ரேயை ஒரு கற்பித்தல் உத்தியாக வாசிப்பது குறைபாடு. விடுதலைச் சுலோகமாக வாசிப்பது அதனினும் பெரிய குறைபாடு. கற்கப்படும் பொருளை யார் தீர்மானிக்கின்றனர், அதற்கான நேரமும் அதிகாரமும் யாரிடம் உள்ளன என்னும் வினாவே அவரது சிந்தனையின் மையம் என்பது எமது கருத்தாகும்.

1. சொல்லும் உலகும்

1921 இல் பிரேசிலின் வடகிழக்கே ரெசிஃபெ நகரிற் பிறந்த பிரெய்ரே, 1963 இல் அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில் நடத்திய எழுத்தறிவுப் பணியால் நாடறிந்தவரானார். ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவூட்ட முனைந்த பணி அது. அக்காலப் பிரேசிலில் எழுத்தறிவற்றோருக்கு வாக்குரிமை இல்லை. 1985 இலேயே அத்தடை நீங்கியது. எனவே, எழுத்தறிவூட்டல் என்பது வாக்காளரை உருவாக்கலும் ஆயிற்று. 1964 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர் சிறையிடப்பட்டுப் பின்னர் நாடு கடந்து வாழ நேர்ந்தமைக்கான காரணத்தை இங்குதான் தேடவேண்டும். பெரியோருக்கு அகரவரிசை கற்பித்தமைக்காக எந்த அரசும் ஒருவரைச் சிறையிடுவதில்லை.

அவரது முறையின் அடிப்படை கருச்சொல்லாகும். கற்பிக்கச் செல்வோர் முதலில் ஊராரின் பேச்சைக் கேட்டு, அவர்தம் வாழ்வின் சிக்கல்கள் பொதிந்த சில சொற்களைத் தெரிந்தெடுப்பர். 'செங்கல்' என்பது அவற்றுளொன்று. செங்கல்லின் படத்தை முன்வைத்து, வீடு கட்டுவோர் யார், அவருக்கு ஏன் வீடில்லை என்னும் உரையாடல் முதலில் நிகழும்; அதன்பின்னரே அச்சொல் அசைகளாகப் பிரிக்கப்பட்டு அவ்வசைகளினின்று புதுச்சொற்கள் ஆக்கப்படும். சொல்லை வாசித்தலும் உலகை வாசித்தலும் ஒரே செயலின் இரு கூறுகள் என்பது இதன் உட்பொருள்.

சிலியில் வாழ்ந்த காலத்தில் அவர் எழுதி, 1970 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்வி' என்னும் நூல் இவ்வனுபவத்தைக் கொள்கையாக்கியது. ஆசிரியர் அறிவை இடுபவர். மாணவர் அதனைப் பெற்றுச் சேமிப்பவர் என்னும் உறவையே அவர் வங்கிமுறை என்றார். இதற்கு மாற்றாக அவர் கூறியது பிரச்சினையை முன்வைக்கும் கல்வி. ஆசிரியரும் மாணவரும் தமக்கு முன்னுள்ள உலகைச் சேர்ந்து ஆராய்வதே அதன் இயல்பு.

எமது கல்வியுலகில் இம்மாற்று, குழுச் செயற்பாடு என்னும் அளவிற் சுருங்கியது. 2007 இல் அறிமுகமான தேர்ச்சி மையக் கலைத்திட்டம் ஐந்து கட்டங்களைக் கொண்ட செயற்பாட்டு மாதிரியைப் பரிந்துரைத்தது. மாணவர் ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல் என அது அமைந்தது. நோக்கம் நன்றே. ஆனால், செயற்பாடு எது, அது எத்தனை நிமிடம், இறுதியில் மாணவர் எம்முடிவைக் கண்டறியவேண்டும் என்பனவெல்லாம் ஆசிரியர் வழிகாட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தன. கதிரைகள் வட்டமாகத் திருப்பப்பட்டனவேயன்றி வினாக்கள் வெளியிலிருந்தே வந்தன. வைப்பு இடும் முறை மாறியது, வைப்பு மாறவில்லை.

2. நெளுக்குளத்தின் கருச்சொல்

பிரேசிலின் வடகிழக்கில் பிரெய்ரே எதிர்கொண்டது சொல்லின் இன்மை. இலங்கையின் நிலை வேறு. 1943 இன் கன்னங்கரா குழு அறிக்கையும் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் சுயமொழிப் போதனையும் எழுத்தறிவை நாடெங்கும் பரப்பின. எழுத்தறிவு விகிதம் தொண்ணூறைத் தாண்டிய நாடு இது. எனவே, எமது பிரச்சினை சொல்லின்மை அன்று. சொல் பெருகியிருந்தும் அது உலகைத் தொடாதிருப்பதே எமது பிரச்சினை.

நெளுக்குளத்தின் கருச்சொல் எதுவென வினவின் விடை தேடி அலையவேண்டியதில்லை. பண்டாரிகுளம், செட்டிகுளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம் என வன்னியின் ஊர்ப்பெயர்கள் யாவும் அச்சொல்லையே உரைக்கின்றன. எமது பாடநூல்களிலும் குளம் இடம்பெறாமலில்லை. வரலாற்றுப் பாடத்தில் அது மன்னர் கட்டிய மாபெரும் நீர்ப்பாசனச் சாதனையாக வருகிறது. புவியியலில் உலர்வலயத்தின் பண்பாக வருகிறது. எந்த மன்னர் எந்தக் குளத்தைக் கட்டினார் என்பது பரீட்சை வினாவாகும். ஆயினும், மாணவரின் தந்தையோ தாயோ பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எழுப்பும் வினாக்கள் அங்கு இல்லை. துருசு எந்நாளில் திறக்கப்படும்? மழை பொய்த்த ஆண்டில் சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விதைக்கலாம், அது யாருடைய காணி? வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள வயலுக்கு நீர் ஏன் கடைசியில் வருகிறது? உறுதிக் காணி உடையவர், அனுமதிப்பத்திரக் காணி உடையவர், குத்தகைக்குச் செய்பவர், கூலிக்கு வருபவர் ஆகிய நால்வருக்கும் ஒரே குளம் ஒரே பொருள் தருகிறதா?

இவ்வினாக்கள் அரசியல் வினாக்கள் மட்டுமல்ல என்பது மனங்கொளத்தக்கது. கொள்ளளவையும் பரப்பையும் கணித்தல் கணிதம். ஆவியாதலும் மண்வகையும் விஞ்ஞானம். கூட்ட அறிக்கை எழுதுதல் மொழி. காணிச் சட்டமும் 1958 இன் நெற்காணிச் சட்டமும் குடியியல். பிரெய்ரே 'கருப்பொருள்' என்று கூறியது இதனையே. பாடங்களைக் கைவிட்டுப் பேச்சில் ஈடுபடுதல் அவரது நோக்கமன்று. வாழ்வின் ஒரு முடிச்சை அவிழ்க்கப் பாடங்கள் யாவற்றையும் வேலைக்கமர்த்துதலே அவரது நோக்கம்.

3. 1972 தந்த பாடம்

ஊரின் தொழிலைப் பாடமாக்குதல் எமக்குப் புதிதன்று என ஒருவர் கூறலாம். அது உண்மை. 1971 இன் இளைஞர் கிளர்ச்சியை அடுத்து 1972 இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம், கனிட்ட இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. விவசாயம், மீன்பிடி, மட்பாண்டம் என அந்தந்தப் பிரதேசத் தொழில்கள் வகுப்பறைக்கு வந்தன. சான்றிதழுக்காக மட்டும் கற்கும் நோயை ஆராய்ந்த ரொனால்ட் டோர் 1976 இல் வெளியிட்ட தமது நூலில் இலங்கையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அந்நோய்க்கு மருந்தாகவே 1972 இன் முயற்சி கருதப்பட்டது. எனினும், 1977 இன் ஆட்சி மாற்றத்தோடு அது முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே பெற்றோர் பலர் அதனை மனத்தளவில் நிராகரித்துவிட்டனர்.

இந்நிராகரிப்பைப் பெற்றோரின் அறியாமையென்றும் உத்தியோக மோகமென்றும் கூறுவது எமது கல்வி எழுத்துகளில் வழக்கம். நாம் இதனை ஏற்கவில்லை. அதே ஆண்டுகளில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் நுழைந்தது. பின்வந்த மாவட்ட ஒதுக்கீட்டை யாழ்ப்பாணம் பறிப்பாக அனுபவித்தது. வவுனியா, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கோ அது சில கதவுகளைத் திறந்தது. கதவு சற்றே திறந்த வேளையில், உன் பிள்ளை மண்வெட்டி பிடிக்கப் பாடசாலையிலும் கற்கட்டும் என்று கூறினால் வயற்காரர் சினவாதிருப்பரோ? நகரத்துப் பிள்ளை மருத்துவ பீடத்துக்குச் செல்ல, தமது பிள்ளை தமது தொழிலுக்கே திரும்பவேண்டும் என்ற செய்தியைத்தான் அவர் அப்பாடத்தில் வாசித்தார். அவர் வாசித்தது தவறன்று.

பிரெய்ரேயின் நோக்கில் 1972 இன் குறை வேறோரிடத்தில் உள்ளது. விவசாயம் எவ்வாறு செய்வது என்று பாடம் கூறியது. விவசாயம் செய்பவர் ஏன் வறியவராக இருக்கின்றார் என்று அது வினவவில்லை. ஊரின் தொழில் பாடமாயிற்று; ஊரின் பிரச்சினை பாடமாகவில்லை. பாடத்தைத் தீர்மானித்ததும் ஊரன்று, கொழும்பு. ஆகவே, உள்ளூர்ப் பொருளைக் கொண்டிருந்தும் அது வங்கிமுறையாகவே எஞ்சியது.

4. சாவோ பாவுலோ: கொள்கையாளர் நிருவாகியான போது

பிரெய்ரே பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் 1970 இன் நூலோடு நின்றுவிடுகின்றன. எமது கருத்தில், பாடசாலைச் சீர்திருத்தத்தை நாடுவோர் ஊன்றிக் கற்கவேண்டிய காலம் அதன் பின்னர் வந்தது. பதினைந்தாண்டுப் புலம்பெயர் வாழ்வின் பின் நாடு திரும்பிய அவர், தொழிலாளர் கட்சி சாவோ பாவுலோ நகராட்சியை வென்றபோது, 1989 இல் அந்நகரின் கல்விச் செயலாளராகப் பொறுப்பேற்று 1991 வரை பணியாற்றினார்.

அங்கு அவர் முதலிற் கவனித்தது தத்துவத்தை அன்று. ஒழுகும் கூரையையும் உடைந்த தளபாடத்தையுமே கவனித்தார். பாழடைந்த கட்டடத்தில் பிள்ளையை அமர்த்திவிட்டு அவளது மாண்பு பற்றி உரையாடுதல் பொய்ம்மை என்பது அவரது நிலைப்பாடு. அடுத்து, பெற்றோர், ஆசிரியர், ஊழியர், மாணவர் ஆகியோரைக் கொண்ட பாடசாலை மன்றங்களுக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமன்றித் தீர்மானிக்கும் அதிகாரமும் வழங்கப்பட்டது. கருப்பொருளை மையமாகக் கொண்ட பல்துறைக் கலைத்திட்டம் பத்துப் பாடசாலைகளில் மட்டும் தொடங்கப்பட்டது. விரும்பிய பாடசாலைகளே பின்னர் இணைந்தன. யாவற்றிலும் முக்கியமானது, ஆசிரியர் வகுப்புக்கு வெளியே கூடித் திட்டமிடும் நேரம் ஊதியத்துக்குரிய பணிநேரமாக ஏற்கப்பட்டமையாகும்.

இக்கடைசிக் கூற்றை எமது நிலைமையோடு ஒப்பிடுக. வன்னியின் பல பாடசாலைகள் கஷ்டப் பிரதேசச் சேவைக்காக வரும் ஆசிரியரையே நம்பி இயங்கின. காலையில் பேருந்தில் வந்து பிற்பகலில் பேருந்தில் திரும்பி, சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் பெறும் ஆசிரியரிடம் ஊரின் கருச்சொல்லைத் தேடுமாறு கூறுவது எளிது. அதற்கான நேரத்தை யார் தந்தனர்? 2021 இல் சம்பள முரண்பாட்டை முன்வைத்து நாடெங்கும் ஆசிரியர்கள் மூன்று மாதங்களுக்கு மேலாகப் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டமையும் இங்கு நினைக்கத்தக்கது. ஆசிரியரின் உழைப்பு நிலைமையைப் பேசாத கல்விச் சீர்திருத்தம் ஆசிரியர் மேல் ஏற்றப்படும் மற்றுமொரு சுமையே.

சாவோ பாவுலோவின் முயற்சி நிலைக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. 1993 இல் வேறொரு கட்சி நகராட்சியைப் பெற்றதும் அதன் பெரும்பகுதி கைவிடப்பட்டது. பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அதன் பெறுபேறுகள் பெருவியப்புக்குரியனவுமல்ல. ஆனால், விமர்சனக் கல்வி வகுப்பறைக் கதவை மூடிக்கொண்டு ஓர் ஆசிரியர் தனித்து நிகழ்த்தும் அற்புதமன்று, நிருவாக விதிகளாலும் வரவு செலவுத் திட்டத்தாலும் ஆக்கப்படுவது என்பதை அது காட்டியது. இதுவே பிரெய்ரேயின் பிற்காலப் பங்களிப்பு.

5. கொள்கையின் குறைபாடுகள்

பிரெய்ரேயை வழிபடுதல் அவருக்கு இழைக்கும் அநீதியாகும். மூன்று குறைபாடுகளை இங்கு எடுத்துக்கூறல் அவசியம்.

முதலாவது, ஆற்றல்மிக்க பரீட்சை முறையொன்றின்கீழ் வாழும் பிள்ளை பற்றியது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்னும் மூன்று வாயில்களைக் கடந்தே எமது பிள்ளை மேலெழவேண்டும். ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை பத்தில் ஒரு பங்களவே. இந்நிலையில், பரீட்சைக்குரிய அறிவை வைப்பென்று இகழ்ந்து உரையாடலில் மட்டும் ஈடுபடும் ஆசிரியர் யாருக்குத் தீங்கிழைக்கின்றார்? தனியார் வகுப்புக்குப் பணம் உள்ளவரின் பிள்ளைக்கல்ல. அமெரிக்கக் கறுப்பினப் பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்த லீசா டெல்பிட் 1988 இல் இக்கருத்தை வன்மையாக முன்வைத்தார். அதிகாரத்தின் மொழியும் விதிகளும் மேட்டுக்குடிப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைக்கின்றன. ஏனையோருக்குப் பாடசாலைதான் அவற்றை வெளிப்படையாகக் கற்பிக்கவேண்டும் என்பது அவரது வாதம். பிரெய்ரேயும் சாவோ பாவுலோவில் நியமமொழியைக் கற்பித்தேயாகவேண்டும், அது நியமமான வரலாற்றையும் உடன் கற்பிக்கவேண்டும் என்றார். எனினும், இவ்விரண்டையும் ஒரே பாடவேளையில் நிகழ்த்துவது எங்ஙனம் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை.

இரண்டாவது, ஒடுக்குவோர், ஒடுக்கப்பட்டோர் என்னும் இருமை பற்றியது. அவரது முதல் நூல் ஆண்களை மட்டும் சுட்டும் மொழியில் எழுதப்பட்டதெனப் பெண்கள் பலர் கண்டித்தனர்; 1992 இல் வெளிவந்த நூலில் அவர் அக்கண்டனத்தை வெளிப்படையாக ஏற்றார். வன்னியில் இவ்விருமை மேலும் சிக்கலடைகிறது. 1958 இலும் 1977 இலும் இனவன்செயலால் விரட்டப்பட்டு மலையகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தோர் வவுனியாவெங்கும் குடியேறினர். அரசினால் ஒடுக்கப்பட்ட தமிழர் சமூகத்தினுள்ளேயே அவர்கள் கூலிகளாகவும் காணியுரிமை குறைந்தோராகவும் நடத்தப்பட்டனர். ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இரு தமிழ்ப் பிள்ளைகளுக்கிடையே சாதியும் பிரதேசமும் குறுக்கிடும்போது, 'நாம் ஒடுக்கப்பட்டோர்' என்னும் ஒற்றைச் சொல் உண்மையைக் காட்டுவதற்குப் பதிலாக மறைக்கவும் கூடும்.

மூன்றாவது குறைபாடே எமக்கு மிகவும் நெருக்கமானது. மக்களுக்குச் சுலோகங்களை ஊட்டும் தலைமை விடுதலையின் பெயரால் வங்கிமுறையையே தொடர்கிறது எனப் பிரெய்ரே எச்சரித்தார். ஆயினும், உரையாடலுக்கு எடுத்துக்காட்டாக அவர் போற்றிய புரட்சித் தலைமைகள் சில, அதிகாரத்தில் அமர்ந்தபின் உரையாடலை அனுமதிக்கவில்லை. அவர் ஆலோசகராக உதவிய கினி-பிசாவில் எழுத்தறிவு இயக்கம் மக்களுக்கு அந்நியமான போர்த்துக்கேய மொழியில் நடந்து தோல்வியுற்றது. தலைமையை நம்பியவிடத்து அவரது விமர்சனக் கூர்மை மங்கியது என்று கூறுவதில் தவறில்லை.

எமது மண்ணில் இதன் விலை பெரிது. முப்பதாண்டுப் போரில் வன்னியின் பாடசாலைகள்மீது அரசபடைகளின் எறிகணைகள் விழுந்தன. இயக்கத்தின் ஆட்சேர்ப்பு அப்பாடசாலைகளின் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. 2009 இல் நெளுக்குளம் உட்பட வவுனியாவின் கல்வி நிலையங்கள் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயின. அவ்வாண்டுகளில் விடுதலை என்னும் சொல் எமது பிள்ளைகளுக்கு வினாவாக வழங்கப்படவில்லை, விடையாகவே வழங்கப்பட்டது. முற்போக்காளராகிய நாமும் இதிற் பங்குடையோம். வர்க்கம், இனம், புரட்சி என்னும் சொற்களை ஊராருக்கு விளக்கச் சென்றோமேயன்றி, ஊராரின் சொற்களைக் கேட்கச் சென்றோர் எம்மிற் சிலரே.

6. அண்மையில் நிகழ்ந்த ஒரு முன்மாதிரி

கேட்கச் சென்றோரும் இருந்தனர். 1970களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு காந்தியம் இயக்கத்தை நடத்தினர். மலையக அகதிகளைக் காணிகளிற் குடியமர்த்தியதோடு, கிராமங்களில் பாலர் பாடசாலைகளை அமைத்து அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்றி ஆசிரியைகளாக்கினர். பிள்ளைகளின் போசாக்கும் அப்பாடசாலைகளின் பணியாயிற்று. அதன் ஊற்று காந்தியச் சிந்தனை. பிரெய்ரேயை நாம் அதன்மேல் ஏற்றிக் கூறவில்லை. ஆயினும், வெளியிலிருந்து வரும் ஆசிரியரை எதிர்பாராது ஊரிலேயே கற்பிப்போரை உருவாக்கியமையும், காணி, உணவு, கல்வி ஆகியவற்றைப் பிரிக்காது நோக்கியமையும் அவரது சிந்தனைக்கு மிக அண்மையானவை. எழுத்தறிவுப் பணியைக் கண்டு பிரேசில் அஞ்சியதுபோல இங்கும் அரசு அஞ்சியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார். காந்தியத்தின் பாலர் பாடசாலைகள் பற்றிய விரிவான கல்வியியல் ஆய்வு எமது பல்கலைக்கழகங்களின் கடனாகும். பிரெய்ரேயை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளைவிட அவ்வாய்வு பிரெய்ரேக்கு நெருக்கமாக அமையும்.

7. முடிவுரை

2025 இல் அறிவிக்கப்பட்ட புதிய கல்விச் சீர்திருத்தம் அலகுமுறைக் கற்றலையும் பரீட்சைச் சுமைக் குறைப்பையும் பேசியது. அத்தகைய சீர்திருத்தம் எதனையும் மூன்று வினாக்களால் அளக்கலாம் எனக் கருதுகின்றோம். ஆசிரியர் கூடித் திட்டமிடும் நேரம் ஊதியத்துக்குரிய பணியாக ஏற்கப்படுகிறதா? பாடசாலை அபிவிருத்திக் குழுவுக்கு நிதி சேர்ப்பதற்கும் சிரமதானத்துக்கும் அப்பால், கற்கும் பொருளிற் சிறு பகுதியையேனும் தீர்மானிக்கும் அதிகாரம் உண்டா? ஊர் தீர்மானித்த அப்பகுதி, பிள்ளையின் சான்றிதழில் ஏனைய பாடங்களுக்கு நிகரான மதிப்பைப் பெறுமா? மூன்றாவது வினாவுக்கு 'ஆம்' என்னும் விடை கிடைக்காதவரை 1972 இன் பெற்றோர் தமது நிராகரிப்பை மீட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

பிரெய்ரே 1997 இல் மறைந்தார். அவர் எமக்கு விட்டுச்சென்றது ஆயத்தமான பாடத்திட்டமன்று. நெளுக்குளத்தின் பாடசாலையில் ஒரு மாணவி, குளத்தைக் கட்டிய மன்னரின் பெயரைச் சரியாக எழுதிப் புள்ளி பெறட்டும். அப்பெயர் அவளுக்குத் தேவை. அதே வகுப்பில், தன் தாய் கூலிக்குச் செல்லும் வயலுக்கு நீர் ஏன் கடைசியில் வருகிறது என்று அவள் கேட்கவும், அவ்வினாவைக் கணிதத்தாலும் விஞ்ஞானத்தாலும் ஆராயவும், கண்டதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எழுந்து கூறவும் இடம் வேண்டும். அவ்விடத்தை அமைத்துக் கொடுப்பது ஆசிரியர் ஒருவரின் தனித்த பொறுப்பன்று; கலைத்திட்டம் வகுப்போரும் வரவு செலவைத் தீர்மானிப்போரும் கல்வியியலைக் கற்பிக்கும் நாமும் ஏற்கவேண்டிய பொறுப்பாகும்.